மருமகளின் கை

1841-ம் ஆண்டின் தொடக்கம். ஜப்பானில் குளிர்காலம். எடோ நகரத்தின் மேற்கே, யோட்சுயா பகுதியில் ஒரு வீடு. (எடோ என்பது இன்றைய டோக்கியோ.) உள்ளே 73 வயதுக் கிழவர் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. எதிரே காகிதம், மை, தூரிகை. தூரிகையைப் பிடித்திருப்பவள் அவருடைய மருமகள் மிச்சி. வயது 35 இருக்கும். கணவன் இறந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. மூன்று குழந்தைகள்.

கிழவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். மிச்சி எழுத ஆரம்பிக்கிறாள். பாதியில் தூரிகை நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை எந்த எழுத்தால் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நம்மிடம் ஒருவர் கதை சொல்லி எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை கிடையாது. காதில் விழுந்ததை எழுதிவிடலாம். சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று கேட்டுக்கொண்டால் போதும். ஜப்பானிய மொழியில் விஷயம் வேறு. ஒலிகளுக்கென்று 'கானா' என்ற எழுத்துகள் இருக்கின்றன, ஐம்பதுக்குள் அடங்கிவிடும். அன்றைய பெண்கள் பெரும்பாலும் அவற்றை வைத்துக்கொண்டுதான் கடிதமும் வீட்டுக் கணக்கும் எழுதினார்கள். கற்றவர்களின் எழுத்து சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி'. அது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒரே ஒலிக்குப் பத்துப் பதினைந்து எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள். கிழவரோ சாதாரண எழுத்தாளர் இல்லை. சீன நூல்களைக் கரைத்துக் குடித்தவர். பக்கத்துக்குப் பக்கம் அபூர்வமான கான்ஜிகளைப் போட்டு எழுதிப் பழகியவர். மிச்சிக்குத் தெரிந்தது கானாவும், அன்றாடம் புழங்குகிற கொஞ்சம் கான்ஜியும்.

பார்வை இல்லாதவர், எழுதத் தெரியாதவருக்கு ஓர் எழுத்தை எப்படிக் காட்டுவார்? வாயால் வரைய வேண்டியதுதான். எளிய எழுத்துகள் என்றால் ஓரளவு முடியும். 'பெரிய' என்ற எழுத்தை எழுதி அதன் வலது தோளில் ஒரு புள்ளி வைத்தால் 'நாய்'. 'நடு' என்பதை மேலே போட்டு 'இதயம்' என்பதைக் கீழே போட்டால் எஜமான விசுவாசம். மனிதனுக்குப் பக்கத்தில் 'சொல்' நின்றால் நம்பிக்கை. முதுமையைக் குறிக்கும் எழுத்தின் மேல்பாதிக்கு அடியில் ஒரு குழந்தையை எழுதினால், பெற்றோருக்குச் செய்யும் கடமை. கடினமான எழுத்து என்றால் இருபது கோடு, இருபத்தைந்து கோடு. ஒவ்வொரு கோட்டையும் சொல்ல வேண்டும். அவள் எழுதியது சரியா என்று அவரால் பார்க்க முடியாது. திரும்ப வாசிக்கச் சொல்லலாம். அவள் தப்பாக எழுதிவிட்டுச் சரியாக வாசித்தால் போயிற்று.

வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை நமக்குத் தெரியும். விநாயகருக்கு எல்லாம் தெரியும். எழுத்தாணிக்குப் பதிலாகத் தந்தத்தை ஒடித்துக்கொள்கிற அளவுக்கு வேகமும் இருந்தது. எடோவில் நடந்தது நேர்மாறானது. இங்கே வியாசர் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, விநாயகருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டே பாரதத்தை முடிக்க வேண்டியிருந்தது.

முடித்தார்கள். 1841-ம் வருஷத்திலேயே கடைசி வரி எழுதப்பட்டது. 1842-ல் கடைசிப் பகுதி அச்சாகி வெளிவந்தது. 1814-ல் தொடங்கிய புத்தகம். 28 வருஷம். 106 சிறு தொகுதிகள். பெயர் 'நான்சோ சாதோமி ஹக்கெண்டென்'. சாதோமி குலத்தின் எட்டு நாய் வீரர்களின் கதை என்று சொல்லலாம். எழுதியவர் க்யோகுதேய் பாக்கின். 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் அவரைவிடப் புகழ் பெற்ற கதாசிரியர் என்று யாரையாவது சொல்வது கடினம்.

கதாசிரியர் என்று சொன்னால் அவருக்கே பிடித்திருக்காது. அங்கேதான் இவருடைய வாழ்க்கையின் முடிச்சு இருக்கிறது.

பாக்கின் 1767-ல் எடோவின் ஃபுகாகவா பகுதியில் பிறந்தார். தகிசவா என்பது குடும்பப் பெயர். சாமுராய் குடும்பம்தான், ஆனால் பெரிய பிரபுவிடம் அல்ல, நடுத்தரமான ஓர் எஜமானிடம் ஊழியம். சாமுராய் என்றதும் நமக்குக் குரோசவாவின் படங்கள் நினைவுக்கு வரும். இவர்கள் அந்த ரகம் இல்லை. வாள் இடுப்பில் இருக்கும், அரிசி பானையில் இருக்காது. பாக்கினுக்கு எட்டு வயது நடக்கும்போது அப்பா இறந்தார். எஜமானின் பேரனுக்குப் பணிவிடை செய்யும் வேலை அந்தச் சிறுவன் தலையில் விழுந்தது. அந்தப் பேரன் கொடுமைக்காரன். 1780-ல், பதின்மூன்று வயதில், காகிதக் கதவின் மேல் ஒரு சின்னக் கவிதையை எழுதி வைத்துவிட்டுப் பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான். வேலையை உதறியவன் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போனான் என்பதிலேயே பிற்காலத்து ஆள் தெரிகிறது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அலைச்சல். ஓர் எஜமான், இன்னோர் எஜமான், கொஞ்ச நாள் மருத்துவப் படிப்பு, கொஞ்சம் கவிதை. எதிலும் நிலைக்கவில்லை. 1790-ல் அந்த நாளின் நட்சத்திர எழுத்தாளரான சாந்தோ க்யோடெனின் வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் சாக்கே மது, காணிக்கையாக. சீடனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். க்யோடென் நல்ல மனிதர். கதை எழுதுவதற்கு குருவும் கிடையாது, சீடனும் கிடையாது, வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் வைத்துக்கொள், நண்பனாக வந்து போய்க்கொண்டிரு என்றார். அவர் சொன்னபடியே நடந்தும் காட்டினார். பின்னால் புகையிலைப் பைகளும் குழாய்களும் விற்கும் கடை வைத்து, தன் புத்தகங்களிலேயே அதற்கு விளம்பரமும் போட்டுக்கொண்டார்.

அந்த அறிவுரைக்கு அர்த்தம் இருந்தது. 1791-ல் அரசாங்கம் எழுத்தாளர்கள் மேல் பாய்ந்தது. இன்பபுரிகளைப் பற்றி எழுதிய மூன்று புத்தகங்களுக்காக க்யோடெனுக்கு 50 நாள் கைவிலங்கு. வீட்டிலேயே, விலங்கு பூட்டிய கைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை யாருக்கும் தோன்றியிருக்காது. அவருடைய பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதியைப் பறிமுதல் செய்தார்கள்.

அதே வருஷம் ஃபுகாகவாவில் வெள்ளம். தங்க இடம் இல்லாமல் போன பாக்கின், க்யோடென் வீட்டில் ஒட்டிக்கொண்டார். தண்டனைக்குப் பிறகு க்யோடெனுக்கு எழுத மனம் வரவில்லை. பதிப்பாளர்களோ விடவில்லை. 1792-ல் க்யோடென் பெயரில் வந்த கதைகளில் ஒன்றிரண்டை எழுதியவர் பாக்கின்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆக, ஐம்பது வருஷத்துக்குப் பின் மருமகள் அவருக்குச் செய்ததைப் போன்ற ஒன்றை அவரும் ஒருவருக்குச் செய்திருக்கிறார். இன்னொருவரின் கையாக இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

பிறகு ட்சுதாயாவின் புத்தகக் கடையில் குமாஸ்தா வேலை. சாமுராய் மகன் கடையில் கணக்கு எழுதுவதா என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1793-ல் கல்யாணம். பெண், ஓஹ்யாக்கு என்ற விதவை, அவரைவிட மூன்று வயது பெரியவள். இயிதாமாச்சி என்ற இடத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு செருப்புக் கடை இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். போனவர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். அந்த ஊர் வழக்கப்படி மனைவி வீட்டுப் பெயரை ஏற்க வேண்டும், அவர் ஏற்கவில்லை. செருப்பு விற்றாலும் தகிசவாதான். இரண்டு வருஷத்தில் மாமியார் இறந்ததும் செருப்பு வியாபாரத்தை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அவர் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். இருநூறுக்கு மேற்பட்ட தலைப்புகள். படக்கதைகள், சிறு நாவல்கள், பெரும் நாவல்கள். 1807-க்கும் 1811-க்கும் இடையில் வந்த ஒரு சரித்திர நாவலுக்குப் படம் வரைந்தவர் ஹொகுசாய்; அதே, பெரிய அலையை வரைந்த ஹொகுசாய்தான். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத ஆசாமிகள், சண்டை வந்து பிரிந்தார்கள் என்று கதை உண்டு. இருக்கலாம். படம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே கோட்டில் வரைந்து ஓவியருக்கு அனுப்புகிறவர் பாக்கின். ஹொகுசாயை அது எரிச்சல் படுத்தியிருக்கும்.

இந்த எழுத்துத் தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எழுத்தாளரின் பிரதியை ஒருவர் அழகான கையெழுத்தில் மெல்லிய தாளில் படி எடுப்பார். அந்தத் தாளை மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, எழுத்து மட்டும் மேலே நிற்கும்படி செதுக்குவார்கள். ஒரு பக்கமும் அடுத்த பக்கமும் ஒரே பலகையில். மை தடவி, காகிதத்தை வைத்துத் தேய்த்தால் அச்சு. கான்ஜிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கானாவும் செதுக்கியிருக்கும்; அதிகம் படிக்காதவர்களும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். புத்தகத்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வாடகைதான். துணியில் மூட்டையாகக் கட்டிய புத்தகங்களை முதுகில் சுமந்துகொண்டு லெண்டிங் லைப்ரரிக்காரர்கள் வீடு வீடாகப் போவார்கள். 1808-ல் எடோவில் மட்டும் இப்படி 656 பேர் இருந்ததாகக் கணக்கு இருக்கிறது. ஒரு பிரதியை எத்தனை வீடு படித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பதிப்பாளரிடம் ஒழுங்காகப் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய முதல் ஜப்பானிய எழுத்தாளர்கள் க்யோடெனும் பாக்கினும் என்பார்கள். அதற்கு முன் எழுத்தாளருக்குக் கிடைத்தது பெரும்பாலும் விருந்தும் உபசாரமும்தான். இருந்தும் பாக்கினுக்கு எழுத்து வருமானம் மட்டும் போதவில்லை. வீட்டில் மருந்து தயாரித்து விற்றார். பெண்களுக்கான கஷாயப் பொடி, மாத்திரைகள். நாய் வீரன் ஒருவன் கூரை உச்சியில் வாளோடு நிற்கிற கட்டத்தில் புத்தகத்தை மூடினால், கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் வீட்டு மருந்தின் விளம்பரம் இருக்கும்.

கதை என்ன? போரில் முற்றுகையிடப்பட்டுப் பட்டினி கிடக்கும் சாதோமி என்ற பிரபு, தன் நாயிடம் விளையாட்டாகச் சொல்கிறார்: எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் என் மகளை உனக்குத் தருகிறேன். நாய் போய்த் தலையைக் கவ்விக்கொண்டு வந்துவிடுகிறது. யோசிக்காமல் வரம் கொடுத்த தசரதனை நமக்குத் தெரியும். இங்கே வரத்தைக் கேட்டு நிற்பது ஒரு நாய். அப்பா பின்வாங்கப் பார்க்கிறார். மகள் ஃபுசே பின்வாங்கவில்லை. ஆள்கிறவன் வாக்குத் தவறக் கூடாது என்று சொல்லி நாயோடு மலைக்குப் போய், ஒரு குகையில் பௌத்த சூத்திரம் ஓதிக்கொண்டு வாழ்கிறாள். நாய் அவளைத் தொடுவதில்லை. ஆனாலும் அவள் கருவுறுகிறாள். தன் தூய்மையை நிரூபிக்க வயிற்றைக் கிழித்துக்கொள்கிறாள். உள்ளிருந்து வெண்மையான புகை எழுகிறது. கழுத்து ஜபமாலையின் எட்டு மணிகள் வானத்தில் பறந்து எட்டுத் திசையில் மறைகின்றன. ஒவ்வொரு மணியிலும் ஓர் எழுத்து: கருணை, நீதி, மரியாதை, அறிவு, எஜமான விசுவாசம், நம்பிக்கை, பெற்றோருக்கான கடமை, சகோதர பாசம்.

எட்டுப் பிள்ளைகள் எட்டு இடங்களில், வெவ்வேறு பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். எல்லோர் பெயரிலும் 'இனு', அதாவது நாய் என்ற சொல் இருக்கிறது. எல்லோர் உடம்பிலும் பூப்போன்ற மச்சம், ஆளுக்கு ஒரு மணி. ஒருவரை ஒருவர் தேடிச் சேர்வதுதான் கதை. அதற்குள் கிளைக் கதைகள், கிளைக்குக் கிளை. மூன்று அடுக்குக் கோபுரத்தின் கூரை மேல் இரண்டு பேர் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள். இருவரும் சகோதரர்கள் என்பது இருவருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தக் கட்டத்தை ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். 'சுயிகோதென்' என்று ஜப்பானியர் அழைக்கும் சீன நாவலின் செல்வாக்கு நிறைய உண்டு. மொழி மட்டும் முழுக்க பாக்கினுடையது. உரக்கப் படித்தால் ஒரு தாளக் கட்டில் ஓடும் என்கிறார்கள் அந்த மொழி அறிந்தவர்கள்.

நல்லவன் வெல்வான், கெட்டவன் தண்டிக்கப்படுவான். இதில் பாக்கின் ஒரு அங்குலம் அசையமாட்டார். பொழுதுபோக்குக் கதை என்பதே அறத்தைச் சொல்வதற்குக் கிடைத்த சாக்கு என்று நினைத்தவர் அவர். சும்மா சிரிப்பதற்கு எழுதுகிறவர்களை மதிக்கமாட்டார். தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் இருந்தது. அதனால்தான் எந்தக் கதைப் புத்தகத்திலும் தகிசவா என்ற குடும்பப் பெயரை அவர் போட்டதில்லை. அது சாமுராய்ப் பெயர். பிழைப்புக்காக எழுதுகிற கதைக்கு க்யோகுதேய் பாக்கின் போதும்.

தகிசவா பெயரை வேறொரு வகையில் மீட்க நினைத்தார். அண்ணன்மார் ஒவ்வொருவராக இறந்து, 1798-க்குப் பிறகு குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு அவர்தான். குடும்ப வரலாற்றை உட்கார்ந்து எழுதினார். நான்கு குழந்தைகளில் ஒரே மகன் சோஹாக்கு. அவனை வைத்தியனாக்கி, மட்சுமாயே பிரபுவிடம் சேர்த்துவிட்டார். மறுபடி ஒரு தகிசவா பிரபு வீட்டு ஊழியத்தில். ஆனால் சோஹாக்குவின் உடம்பு எப்போதும் நோய்; கோபக்காரன் வேறு. 1827-ல் அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் மிச்சி, ஒரு வைத்தியரின் மகள். மாமனார் எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறவர். என்ன சமைத்தார்கள், யார் வந்தார்கள், எந்த வேலைக்காரி நின்றுவிட்டாள், எல்லாம் நாட்குறிப்பில் ஏறும். அந்த வீட்டில் வேலைக்காரிகள் நிலைப்பதில்லை. நிலைத்தது மருமகள் ஒருத்திதான்.

1835-ல் சோஹாக்கு இறந்தான். கிழவருக்கு அதற்கு முன்பே வலது கண் போயிருந்தது. மிஞ்சியது பேரன் தாரோ, ஏழு வயது. அடுத்த வருஷம் கிழவர் இரண்டு காரியம் செய்தார். ரியோகோகு என்ற இடத்தில் ஓர் உணவு விடுதியில் பெரிய கூட்டம் ஏற்பாடு செய்தார். ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து எழுதிக் கொடுப்பார்கள், வரைந்து கொடுப்பார்கள், வருகிறவர்கள் பணம் வைப்பார்கள். நம் ஊர் மொய் மாதிரி. இப்படிக் கூட்டம் போட்டுக் காசு பார்க்கிறவர்களை அவர் அதுவரை ஏளனம் செய்து வந்தவர். இரண்டாவது, வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை விற்றார். இரண்டு பணத்தையும் வைத்து, எடோ அரசின் துப்பாக்கிப் படையில் அடிமட்டத்துப் பதவி ஒன்றைப் பேரன் பெயருக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அப்படி வாங்க முடியும். தாரோ தகிசவா, சாமுராய். அந்த வேலைக்காகத்தான் யோட்சுயாவுக்கு வீடு மாறினார்கள்.

ஒரு கதாசிரியர் தன் கதை எழுதுவதற்கு வேண்டிய புத்தகங்களை விற்று, கதையோடு சம்பந்தமில்லாத ஒரு வாளைப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. பொடி எழுத்தில் பக்கத்தை நிரப்புகிறவர், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிதான். அந்த வரிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. 1840 வாக்கில் அதுவும் முடியாமல் போயிற்று. 177-ம் அத்தியாயத்தின் நடுவில் நின்றார். வேறு ஆட்களை எழுதச் சொல்லிப் பார்த்தார், சரிப்படவில்லை. அவருக்குப் பொறுமை கிடையாது, வந்தவர்களுக்கும் கிடையாது. பிறகுதான் மிச்சி.

மீதி இருந்தது சில அத்தியாயங்கள்தானே என்று நினைக்கக் கூடாது. கடைசி அத்தியாயங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து நீட்டிக்கொண்டே போனார் பாக்கின். மாதக்கணக்கில் வேலை. புத்தகத்தின் முடிவில் எழுதிய பின்னுரையில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். அவளுக்கு எழுத்துகள் தெரியாது என்பதையும், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்ததில் சொன்னவரும் களைத்து எழுதியவளும் களைத்துப் போனதையும், அவள் அழுததையும். அந்தப் பின்னுரையையும் எழுதியது அவள் கைதான் என்பதை யோசித்துப் பாருங்கள். தனக்கு ஒன்றும் தெரியாது, தான் அழுதேன் என்பதை மாமனார் சொல்லச் சொல்ல, அப்போது கற்றுக்கொண்ட எழுத்துகளால் அவளே எழுதியிருக்கிறாள்.

பகலில் சமையல், மருந்து இடிப்பது, பிள்ளைகள், மாமியாரின் நோய். ஓஹ்யாக்கு அந்த வருஷமே இறந்தாள். இத்தனைக்கும் நடுவில் எழுத்து வேலை. அச்சுப் படி திருத்துவதும் அவளே: பலகையிலிருந்து எடுத்த முதல் பிரதியை அவள் வாசிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். நாட்குறிப்பும் இப்போது அவள் கையெழுத்தில்தான். நாவல் முடிந்த பிறகும், அவர் இறக்கும்வரை ஏழு வருஷம் அவர் எழுதியதெல்லாம் அவள் எழுதியதுதான். ஆரம்பத்தில் தடுமாறியவள் போகப் போக மாமனாரின் எழுத்தைப் போலவே எழுதினாள் என்கிறார்கள் கையெழுத்துப் படிகளைப் பார்த்தவர்கள்.

1842-ல் அரசாங்கம் மறுபடியும் எழுத்தாளர்கள் மேல் பாய்ந்தது. காதல் கதைகள் எழுதிய தமெனாகா ஷுன்சுயிக்கு 50 நாள் கைவிலங்கு. அதிலிருந்து அவர் மீளவில்லை. மிகப் பிரபலமான ஒரு படக்கதைத் தொடரை எழுதிய ரியூதேய் தானேஹிகோவின் புத்தகம் தடை செய்யப்பட்டது. அவரும் அதே வருஷம் இறந்தார். பாக்கினை யாரும் தொடவில்லை. எட்டு நற்குணங்களைப் பற்றிப் பேசும் புத்தகத்தில் குற்றம் கண்டுபிடிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாக இருந்திருக்காது.

1848-ன் இறுதியில் பாக்கின் இறந்தார். அடுத்த வருஷம், 21 வயதில், தாரோ இறந்தான். புத்தகங்களை விற்று வாங்கிய பதவிக்கு ஆள் இல்லை.

அதையும் மிச்சி விடவில்லை. மகளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்து, அவனைத் தகிசவா ஆக்கி, அந்தப் பதவியைக் காப்பாற்றினாள். மருந்து விற்றாள். மாமனார் வைத்துப் பழக்கிய நாட்குறிப்பை, இப்போது யாரும் சொல்லாமல், தானே எழுதினாள். மகனின் நோய், அவன் கேட்ட பண்டங்கள், வந்து பார்த்தவர்கள், அவன் போன நாள், மழை, வெயில், கடன். 1858-ல் அவள் இறக்கும் வருஷம் வரை அது போகிறது. இந்த நூற்றாண்டில்தான் அது முழுமையாக இரண்டு தொகுதிகளாக அச்சேறியிருக்கிறது. மாமனாரின் நாட்குறிப்புகளில் பெரும்பகுதி டோக்கியோ பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து, 1923 பூகம்பத் தீயில் அழிந்துபோனது. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்து, 106 தொகுதி நாய் வீரர்களா, மருமகளின் நாட்குறிப்பா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன். நாய் வீரர்களில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, களைப்பு வருவதில்லை. மணியில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே நடந்துகொள்கிறார்கள்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1885-ல் ட்சுபோஉச்சி ஷோயோ என்ற இளம் விமர்சகர், இவர்கள் மனிதர்களே அல்ல, குணங்களுக்கு உடை போட்டு நடமாடவிட்டிருக்கிறார் என்று எழுதினார். ஜப்பானிய நவீன நாவல் பாக்கினை உதறிவிட்டுத்தான் தொடங்கியது. சிறுவயதில் பாக்கினை விழுந்து விழுந்து படித்தவர் ஷோயோ என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'ராஷோமோன்' எழுதிய அகுதாகவா 1917-ல் பாக்கினை வைத்து ஒரு கதை எழுதினார். பொதுக் குளியலறையில் யாரோ தன் எழுத்தைத் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற கிழவராக.

நாய் வீரர்கள் சாகவில்லை. கபுகி நாடகமானார்கள், எழுபதுகளில் தொலைக்காட்சியில் பொம்மலாட்டமானார்கள், படக்கதைகளில் புகுந்தார்கள். நம் குழந்தைகள் டிவியில் பார்த்த 'டிராகன் பால்' தொடரின் மந்திர உருண்டைகளுக்கு வித்து அந்த ஜபமாலை மணிகள்தான் என்று அதை உருவாக்கிய அகிரா தோரியாமாவே சொல்லியிருக்கிறார். எட்டு என்று வைத்தால் அதே மாதிரி ஆகிவிடும் என்று ஏழாக்கிக்கொண்டாராம். 2024-ல் ஜப்பானில் வந்த ஒரு படத்தில் பாதி நாய் வீரர்களின் சாகசம், பாதி பாக்கினின் வீடு. அதில் மிச்சிக்கும் இடம் உண்டு.

பள்ளிப் பாடப் புத்தகங்களும் இலக்கிய வரலாறுகளும் அவரை வெகுகாலம் தகிசவா பாக்கின் என்றே எழுதின. குலப் பெயரையும் கதைப் பெயரையும் சேர்த்து அவர் தன்னை ஒருநாளும் அப்படி அழைத்துக்கொண்டதில்லை. வாழ்நாள் முழுக்க அவர் தனித்தனியாகக் காப்பாற்றிய இரண்டும் அவர் போன பிறகு ஒட்டிக்கொண்டன. தகிசவா என்ற சாமுராய்ப் பெயர் இன்றைக்கு நாலு பேருக்குத் தெரிகிறதென்றால் அவர் வெட்கப்பட்ட அந்தக் கதைகளால்தான்.

ஹக்கெண்டெனின் கடைசிப் பகுதிகளுடைய கையெழுத்துப் பிரதி அழியாமல் இருக்கிறது. அதில் 177-ம் அத்தியாயத்தின் நடுவில் ஓரிடம். அதுவரை பெரிய பெரிய எழுத்துகள், கோணல் கோணலாக, சில இடங்களில் வரி எங்கே போகிறது என்றே தெரியாமல். அதற்கு அப்புறம் சிறிய, நேரான, பயந்து பயந்து எழுதிய எழுத்துகள். கதை அந்த இடத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை.